இரண்டு மதகுகளுக்கு நடுவே

திண்டிவனம்,
9-2-1943

அன்புள்ள மாமாவுக்கு,

ஜெயம் எழுதுவது. படுத்தபடி எழுதுவதால் வரிகள் மேலும் கீழுமாகப் போகும். உட்காரக் கூடாதென்று டாக்டரம்மா உத்தரவு.

சனிக்கிழமை நடந்ததை டிரைவர் கண்ணையன் அண்ணன் விழுப்புரம் திரும்பியதும் சொல்லியிருப்பார். அம்மாவும் ஆள் மூலம் ஏதோ சொல்லி அனுப்பினாள். இரண்டும் ஒன்றாக இருக்காது. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

விக்கிரவாண்டி தாண்டும் வரை ஒரு குறையும் இல்லை. எனக்காகக் கடைசிப் பெஞ்சு முழுவதையும் ஒழித்துக் கொடுத்திருந்தீர்கள். நானும் அம்மாவும் மட்டும். நீங்கள் சொன்னபடியே வண்டி முனகவில்லை. வளைகாப்புக்குப் போட்ட வளையல்கள்தான் சத்தம் போட்டன. "வண்டிக்கு வாய்ப்பூட்டு போட்டுட்டாரு உன் வூட்டுக்காரரு. ஆனா வடை வாசனை வருதே, பின்னால கரி அடுப்புல யாருனா சட்டி வச்சிகினு கீறீங்களா?" என்று கண்ணையன் அண்ணன் கேட்க, வண்டியே சிரித்தது. பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டுகிறோமே, அதையும் ஒரு வேடிக்கையாக்கிவிட்டார்.

அப்புறம் அந்த இரட்டை மதகு. உங்களுக்குத் தெரிந்த இடம்தான். ரோடு ஒரு மதகின் மேல் மேடாக ஏறி இறங்கும், அதைத் தாண்டி நாலு வண்டி நீளத்தில் இன்னொன்று. முதல் மதகில் வண்டியின் பின்பக்கம் தூக்கியது. தூக்கியது இறங்கியது, இறங்கியதோடு நிற்காமல் இன்னும் இறங்கியது. இரண்டாவது மதகில் நான் பெஞ்சிலேயே இல்லை. தலை கூரையில் இடித்தது. கீழே வந்தபோது பெஞ்சின் விளிம்பு இடுப்பில் பட்டு, தரையில் விழுந்தேன்.

வலது கை வளையல்கள் பெரும்பாலும் உடைந்துவிட்டன. எத்தனை என்று எண்ணவிடாமல் அம்மா முந்தானையில் அள்ளி முடிந்துகொண்டாள்.

அன்று மாலை கொஞ்சம் ரத்தம் கண்டது. டாக்டரம்மா மரக்குழலை வயிற்றில் வைத்து நெடுநேரம் கேட்டார். "கேட்குது" என்றார். குழந்தை முன்போல் அசைவதில்லை. முன்பு பகலெல்லாம் புரண்டுகொண்டிருந்தது, இப்போது நாளைக்கு ஒரு முறை, அதுவும் நானே கற்பனை செய்துகொள்கிறேனோ என்று தோன்றும் அளவுக்கு. நர்ஸ் சவுரியம்மாள் தினம் வந்து பார்க்கிறார். "ராணியாட்டம் படுத்துக்கினு இரு. எழுந்தேன்னா கட்டில் காலோட சேர்த்துக் கட்டிடுவேன்" என்று மிரட்டுகிறார்.

நீங்கள் உடனே புறப்பட்டு வர வேண்டாம். ரயிலில் அழைத்து வரலாம் என்று அம்மா அத்தனை சொல்லியும், "நம்ப வண்டி இருக்கும்போது ரயிலா?" என்று நீங்கள் பிடிவாதம் பிடித்ததை அவள் மறக்கவில்லை. "இந்த வாசப்படிய அவன் மிதிக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் ஆறட்டும்.

கண்ணையன் அண்ணன் மீது கோபப்படாதீர்கள். தரையிலிருந்து என்னைத் தூக்கி வைத்ததே அவர்தான்.

இப்படிக்கு,
ஜெயம்


விழுப்புரம்,
12-2-43

அன்புள்ள ஜெயத்துக்கு,

கோதண்டபாணி எழுதுவது. உன் கடிதம் நேற்று வந்தது. நாலு தரம் படித்தேன்.

கோபப்படாதே என்று நீ எழுதுவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் வண்டி ஷெட்டுக்குள் நுழைந்ததும் அந்த ஆள் இறங்கி என்னிடம் வந்தான். "மேஸ்திரி, எப்பவும் போற ஸ்பீடுதான். இன்னாமோ வண்டி பந்து மாதிரி எகிறிடுச்சி" என்றான். பந்தாம். பதினைந்து வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன் பேசும் பேச்சா இது? எல்லாருக்கும் முன்னால் கன்னத்தில் அறைந்துவிட்டேன். என் தகப்பன் வயது இருக்கும். அறைந்த பிறகு கை எரிந்தது, ஆனால் மனசு எரிந்ததற்கு அது காணாது.

முதலாளி அரங்கநாதன் விசாரித்தார். மதகில் வேகமாகப் போனான், என் பெண்டாட்டி உயிருக்குப் போராடுகிறாள் என்றேன். மறுநாளே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். இப்போது ஒரு புது ஆள் ஓட்டுகிறான்.

வண்டியில் குறை என்று யாரும் சொல்லிவிட முடியாது. நான் என் கையால் வண்டியைத் தாங்கும் ஒவ்வொரு ஸ்பிரிங் பட்டையையும் கழற்றித் துடைத்து, மல்லாட்டைக் கடலை எண்ணெயில் பழைய கிரீஸைக் குழைத்துத் தடவி, ஏழு பட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூட்டினேன். நீ அந்த முனகல் சத்தம் கேட்டால் தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்று சொன்னாய் அல்லவா? உனக்காகத்தான் செய்தேன். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. முதலாளி "சத்தமில்லாத சுகப் பயணம்" என்று நோட்டீஸ் அடித்துச் சந்தையில் கொடுக்கிறார். அவர் சொல்லி இரண்டாம் நம்பர் வண்டிக்கும் போன வாரம் அதே மாதிரி எண்ணெய் வைத்தேன்.

அத்தையிடம் நான் எதுவும் பேசவில்லை. அவர் வேண்டாம் என்றால் வரவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

குழந்தை அசைந்ததா என்று மட்டும் எழுது.

கோதண்டபாணி


திண்டிவனம்,
15-2-1943

அன்புள்ள மாமாவுக்கு,

அசைவு அப்படியேதான் இருக்கிறது. நேற்று ஒருமுறை. மறுபடி ஒரு துளி கண்டது, பிறகு நின்றுவிட்டது.

கண்ணையன் அண்ணனை அறைந்தீர்கள் என்று படித்ததும் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டேன். அரை நாள் எடுக்கவில்லை. நீங்கள் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. என்னால்தானே அது நடந்தது என்ற நினைப்பு வயிற்றுக்குள் இன்னொரு பாரம் போல் இருக்கிறது.

ஒன்று சொல்லுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் வேகமாகப் போகவில்லை. முதல் மதகு வருவதற்கு முன்னால் ஜன்னல் வழியே ஒரு சைக்கிள்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹேண்டில்பாரில் ஒரு சேவலைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். நாங்கள் அவரைத் தாண்டி வந்தோம். மதகு கிட்டே வண்டி மெதுவானதும் அவர் மணி அடித்துக்கொண்டு எங்களை முந்திப் போனார். சேவல் என்னைத் திரும்பிப் பார்த்தது. சைக்கிள் முந்தும் வேகத்தில் போன வண்டி எப்படி எகிறும்?

படுத்துக்கொண்டிருப்பவளுக்கு யோசிப்பதைத் தவிர வேலை இல்லை. அன்று வண்டி தூக்கிய விதத்தை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். முதல் மதகில் தூக்கிய வண்டி, அடங்குவதற்குள் இரண்டாவது மதகு வந்துவிட்டது. பொங்கலுக்கு நாம் இதே வழியில் மயிலம் போனோமே, அன்றும் அதே மதகுகள், அதே டிரைவர். முதல் குலுக்கல் வந்தது, அடங்கியது, பிறகு இரண்டாவது வந்தது. என் தண்ணீர்ச் செம்புகூடச் சாயவில்லை. நடுவில் என்ன மாறியது?

ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் மோட்டார் புத்தகத்தில் நாற்பத்தோராம் பக்கம், பொங்கலுக்கு மறுவாரம் நான் படித்துச் சொன்ன பக்கம், அதையும் அடுத்த பக்கத்தின் முதல் பத்தியையும் அப்படியே பார்த்து எழுதி அனுப்புங்கள். இங்கிலீஷ் தெரியாது என்று தயங்க வேண்டாம். உங்கள் கைக்கு எழுத்தும் ஒரு படம்தான். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள். எனக்கே இன்னும் நிச்சயமில்லை.

ஜெயம்


விழுப்புரம்,
19-2-43

ஜெயத்துக்கு,

நீ கேட்டது தனித் தாளில் இருக்கிறது. இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் ஆனது. பென்சிலில் வரைந்து, பிறகு மையால் எழுதினேன். ஓர் எழுத்தும் விடவில்லை.

சைக்கிள், சேவல் எல்லாம் படித்தேன். கட்டிய புருஷன் சொல்வதைவிட டிரைவர் சொல்வது உனக்குப் பெரிதாகப் போய்விட்டது. நடுவில் என்ன மாறியது என்று கேட்கிறாய். எண்ணெய் வைத்ததைச் சொல்கிறாய், எனக்குத் தெரியாதா? எண்ணெய் போட்டு எந்த இயந்திரம் கெட்டது? கதவுக் கீலுக்கு எண்ணெய் போடு, கிணற்று ராட்டினத்துக்குப் போடு, தையல் மெஷினுக்குப் போடு என்று சொல்லித்தான் எனக்கு வேலை கற்றுக் கொடுத்தார்கள். எண்ணெய் போட்டதால் பஸ் எகிறியது என்று நான் ஷெட்டில் சொன்னால் வாயால் சிரிக்க மாட்டார்கள்.

இரண்டாம் நம்பர் வண்டியில் போன ஒரு செட்டியார், "கப்பல்ல போற மாதிரி கீதுப்பா, வாந்தி வருது" என்றாராம். அவருக்குப் பித்தம். அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். மனசைப் போட்டு அலட்டாதே.

கோதண்டபாணி


திண்டிவனம்,
22-2-1943

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். கிழித்த துண்டுகளை அம்மா அடுப்பில் போட்டாள். படிக்கத் தெரியாதவள், ஆனாலும், "நல்ல சேதியா இருந்தா கிழிக்க மாட்டே" என்றாள்.

தப்பு கண்ணையன் அண்ணனுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. என்னுடையது.

அன்று நான் நாற்பத்தோராம் பக்கத்தைப் படித்துச் சொன்னேன். ஸ்பிரிங் பட்டைகள் சத்தமிட்டால் கழற்றித் துடைத்து எண்ணெய்ப் பசை தடவலாம் என்று இருந்தது. அதோடு பக்கம் முடிந்தது. அந்த நேரம் உலை பொங்கியது. புத்தகத்தை மூடிவிட்டு ஓடினேன். வாக்கியம் அடுத்த பக்கத்துக்குத் தாண்டுகிறது என்று தெரியும். அப்புறம் படிக்கலாம் என்று நினைத்தேன், படிக்கவில்லை. நீங்கள் எழுத்து எழுத்தாக வரைந்து அனுப்பிய தாளில் அந்த மிச்சம் இருக்கிறது. என் தமிழில் இது:

"இது, ஆட்டத்தை அடக்கும் கருவி தனியாகப் பொருத்தப்பட்ட கார்களுக்கு மட்டும். அக்கருவி இல்லாத கனத்த வண்டிகளில், பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதுதான் ஆட்டத்தை அடக்குகிறது. அங்கே எண்ணெய் இடக் கூடாது."

மறுபடி மறுபடி படித்தேன். ஆனாலும் ஒரு வாக்கியத்தை நம்பி உங்கள் வேலையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. என் கண்ணால் பார்க்க வேண்டும் போல் இருந்தது.

அம்மாவின் பழைய தட்டியிலிருந்து ஐந்து மூங்கில் பிளாச்சுகளை எடுத்துத் தரச் சொன்னேன். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டு இடத்தில் நூலால் கட்டினேன். ஒரு முனையைக் கட்டிலின் சட்டத்தோடு இறுக்கிக் கட்டி, மறு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்து, அந்த முனையில் மிச்சமிருந்த வளையல்களைக் கோத்துத் தொங்கவிட்டேன். விரலால் அமுக்கி விட்டேன். மேலே போயிற்று, நிற்க வேண்டிய இடத்தைக் கொஞ்சம் தாண்டியது, திரும்பியது, மூன்றாவது ஆட்டத்தில் அடங்கிவிட்டது. பிளாச்சுகள் உரசும் சத்தம் மெல்லக் கேட்டது. நம் வண்டி முனகுமே, அதன் குட்டி.

பிறகு பிரித்து, ஒவ்வொன்றிலும் மல்லாட்டை எண்ணெய் தடவி, அதே மாதிரி கட்டினேன். அதே அளவு அமுக்கி விட்டேன். சத்தமே இல்லை. ஆனால் நிற்க வேண்டிய இடத்தை வெகுதூரம் தாண்டி மேலே போயிற்று. திரும்பி வந்தது, கீழேயும் அதே மாதிரி தாண்டியது. பதினோரு ஆட்டம் எண்ணினேன். வளையல்கள் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தன. அன்று வண்டியில் கேட்ட அதே சத்தம். மூன்றாவது ஆட்டத்தின்போது விரலால் மறுபடி ஒரு தட்டு தட்டினேன், இரண்டாவது மதகு போல. வளையல்கள் முனையைவிட்டுக் கழன்று சுவரில் போய் விழுந்தன. இரண்டு உடைந்தன. அம்மா ஓடி வந்து, "உனுக்கு இன்னாடி ஆச்சு, இருக்கறதையும் ஒடைக்கிறியே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

முனகல் என்று நாம் நினைத்தது, பட்டைகள் ஆட்டத்தைத் தின்னும் சத்தம். அதை நாம் நிறுத்திவிட்டோம். ஆட்டத்துக்குப் போக இடமில்லாமல் வண்டியிலேயே தங்கிவிட்டது. அதுவும் கடைசிப் பெஞ்சில், கரி அடுப்பின் கனம் தொங்கும் இடத்தில், நீங்கள் எனக்கென்று ஒழித்துக் கொடுத்த இடத்தில்.

இன்னொன்றும் பார்த்தேன். நூலை ரொம்ப இறுக்கிக் கட்டினால் பிளாச்சு அசையவே இல்லை. கல்லில் இடிப்பது போல இருந்தது. அதுவும் ஆகாது.

முனகல் பிடிக்கவில்லை என்று குறை சொன்னவளும் நான். பாதி வாக்கியம் படித்துச் சொன்னவளும் நான். அறை வாங்கியது கண்ணையன் அண்ணன்.

இரண்டு வண்டிகளிலும் எண்ணெயை எடுத்துவிடுங்கள். இன்றைக்கே. வேறு ஒருத்தி அந்தக் கடைசிப் பெஞ்சில் உட்காருவாள். அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். முதலாளியிடம் யார் பெயரைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

குழந்தையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதுதான் என் பயமும்.

ஜெயம்


திண்டிவனம்,
1-3-1943

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு வாரம் ஆகிறது. தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் செருப்புச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

என் மீது கோபமாக இருந்தால் இருக்கட்டும். கவரின் மேல் உங்கள் பெயரை எழுதும் அந்த ஒரு நிமிஷம்தான் நான் உங்களை வாயாரக் கூப்பிடுவது போல இருக்கிறது. நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் அதற்காகவாவது எழுதிக்கொண்டிருப்பேன்.

நேற்று சந்தைக்குப் போகும் இரண்டாம் நம்பர் வண்டி இந்தப் பக்கம் போனதாம். அம்மா பார்த்துவிட்டு வந்து, "சத்தமே இல்லடி, பூனையாட்டம் போவுது" என்றாள். அப்படியானால் எண்ணெயை இன்னும் எடுக்கவில்லை.

இரண்டு நாளாக அசைவு இல்லை. சவுரியம்மாள் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, சிரிக்காமல் போனார். எப்போதும் போகும்போது ஏதாவது வம்புக்கு இழுப்பார். டாக்டரம்மாவை நாளை அழைத்து வருகிறாராம்.

எண்ணெய் எடுத்தாயிற்று என்று ஒரே ஒரு வரி. கார்டு போதும்.

ஜெயம்


விழுப்புரம்,
6-3-43

அன்புள்ள ஜெயத்துக்கு,

முதலில் டாக்டரம்மா என்ன சொன்னார் என்று எழுது. மற்றதையெல்லாம் அப்புறம் படி.

உன் கடிதம் வந்த அன்று, அதைப் படித்து மடித்து ஸ்பானர் பெட்டியில் போட்டுவிட்டேன். படிக்காதவன் போல ஒரு வாரம் வேலை செய்தேன். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அது மேலேயே கிடந்தது. நீ மறுபடி எழுதியது வந்ததும் தாங்கவில்லை. ஒன்றாம் நம்பர் வண்டியில் ஏறிக் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். புது டிரைவரிடம், அந்த மதகுகளில் ஆள் நடக்கும் வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போ என்றேன். முதல் மதகில் ஏறியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடித்தும், இரண்டாவதில் தலை கூரையில் இடித்தது. உன் தலை இடித்த இடம். கூரைத் தகரத்தில் அங்கே ஏற்கெனவே ஒரு நெளிவு இருந்தது.

மதகைத் தாண்டியதும் அங்கேயே இறங்கி நடந்தே திரும்பினேன். வண்டியில் உட்கார முடியவில்லை.

அன்று இரவே இரண்டு வண்டிகளையும் நிறுத்தினேன். முதலாளி வந்து சத்தம் போட்டார். "நோட்டீஸ் அடிச்சி ஊர் பூரா குடுத்துட்டேன்யா! சத்தமில்லாத வண்டின்னு ஜனங்க தேடிக்கினு வராங்க. இப்போ போயி கத்த வுடப் போறியா? பேஜாரு புடிச்சவனே!" என்றார். எண்ணெய் வைத்தது என் தப்பு, கண்ணையன் மேல் குற்றமில்லை, என் பெண்டாட்டி விழுந்தது என்னால் என்று சொன்னேன். புத்தகத்தைப் பற்றிச் சொல்லவில்லை. நீ பாதி வாக்கியம் படித்தாய், சரி. நம் வண்டியின் அடியில் மல்லாந்து படுத்துப் பத்து வருஷம் வேலை செய்தவன் நான். அந்தக் கருவி அங்கே இல்லை என்று எனக்குத் தெரியாதா? எண்ணெய் வைத்த கை என்னுடையது. இனிமேல் இதைப் பற்றி நீ எழுதக் கூடாது.

என்னை வேலையில் வைத்திருக்கிறார், போ என்று இன்னும் சொல்லவில்லை. ஒரு மாதம் பார்ப்பதாகவும், கண்ணையன் வந்தால் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

பட்டைகளைக் கழற்றி, சாம்பலும் சவுக்காரமும் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் கழுவினேன். வெயிலில் காயவைத்தேன். எண்ணெய் விரலில் ஒட்டாத வரை. பிறகு பயத்தில் இன்னொரு தப்பு செய்தேன். இனி ஆடவே கூடாது என்று பட்டைகளைச் சுற்றித் தாம்புக் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

கண்ணையனைத் தேடி மண்டகப்பட்டுக்குப் போனேன். வாசலில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"இன்னா மேஸ்திரி, இந்தப் பக்கத்துக் கன்னம் பாக்கி கீதுன்னு வந்தியா?" என்றார்.

அவர் பெண்டாட்டி முனியம்மாள் ஒரு முறம் மல்லாட்டையை என் முன்னால் தள்ளி, "வந்தவரு சும்மா நின்னுகினு இருந்தா எப்படி? குந்துங்க, ஒடைங்க" என்றார். உட்கார்ந்து உடைத்தேன். அரை முறம் உடைத்த பிறகுதான் சொல்ல முடிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். உன் பிளாச்சு, வளையல், சேவல் வரைக்கும்.

சேவல் கதையைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "அந்த சேவலாவது எனக்கு சாட்சி சொல்லிச்சே" என்றார். பிறகு முகம் மாறியது. "புள்ள எப்படிக் கீது?" என்றார். தெரியவில்லை என்றேன். கையிலிருந்த மல்லாட்டையை உடைக்காமல் முறத்தில் போட்டார்.

கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு கொடம் தண்ணி. கழுத்து வரைக்கும். நீ கடைசி பெஞ்சில மடியில வச்சிகினு குந்து. நான் ஓட்டறேன். ரெண்டு மதகும் தாண்டி உன் வேட்டி நனையாம இருந்தா, நாளைக்கு வேலைக்கு வர்றேன். இல்லன்னா மல்லாட்டையே ஒடைச்சிகினு இருக்கேன்."

முதல் தடவை முழுதும் நனைந்துவிட்டேன். கயிறு கட்டிய வேலை. வண்டி ஆடவில்லை, கல் மாதிரி இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் தண்ணீர் குடத்திலிருந்து துள்ளியது. "இது பஸ்ஸில்ல, உலக்கை" என்றார். நீ எழுதியிருந்தாய், இறுக்கிக் கட்டினால் ஆகாது என்று. படித்தும் செய்தேன். வண்டியடியில் படுத்துக் கயிற்றை அறுத்தேன்.

இரண்டாம் தடவை. முதல் மதகில் தண்ணீர் குடத்தின் வாய் வரை எழும்பியது. எழும்பியது இறங்கியது, மறுபடி கொஞ்சம் எழும்பியது, பிறகு தட்டையாக நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் இரண்டாவது மதகு வந்தது. அதிலும் அப்படியே. ஒரு கை தண்ணீர் சிந்தியது. கண்ணையன் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்து என் வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். "இத்தினிதானா? இது வேர்வையில சேர்த்தி" என்றார்.

வண்டி வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தது. ஜனங்கள் திட்டினார்கள். கத்தட்டும்.

அத்தை அனுமதித்தால் வருகிறேன். அனுமதிக்காவிட்டாலும் வாசலில் நின்று உன்னைப் பார்த்துவிட்டுப் போகிறேன். ரோஷத்தை மதகில் போட்டுவிட்டேன்.

கோதண்டபாணி


திண்டிவனம்,
9-3-1943

அன்புள்ள மாமாவுக்கு,

டாக்டரம்மா போன செவ்வாய்க்கிழமை வந்தார். குழலில் கேட்டார், கையால் தடவிப் பார்த்தார். "துடிப்பு இருக்கு. அசைவு குறைஞ்சது நல்லதுன்னு சொல்ல மாட்டேன், கெட்டதுன்னும் சொல்ல மாட்டேன். காத்திருக்கணும்" என்றார். உங்களிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் ஒரு வாரம் எழுதாமல் இருந்தேன். நீங்கள் மட்டும்தான் கடிதத்தைப் பெட்டியில் போடுவீர்களா?

உங்கள் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. தண்ணீர் எழும்பி, இறங்கி, தட்டையாக நின்ற இடத்தை மூன்றாம் தடவை படித்துக்கொண்டிருந்தேன். இடது விலாவுக்குக் கீழே ஓர் உதை. கற்பனை இல்லை, கடிதத் தாள் ஆடியது. உடனே இன்னொன்று, அதைவிடச் சின்னது. பிறகு தடவிக் கொடுப்பது போல் ஒரு புரளல். அப்புறம் ஒன்றுமில்லை.

ஒரு மாதமாக அந்த 'ஒன்றுமில்லை'யில்தான் செத்துச் செத்துப் பிழைத்தேன். நேற்று பயம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கையை அங்கேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஆடியது அடங்கவும் வேண்டும் அல்லவா? சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் மறுபடி உதைத்தது. சவுரியம்மாள் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "தூங்குது. உன்ன மாதிரி பிளாச்சை வளைச்சி ஆராய்ச்சி பண்ணிகினு இல்ல" என்றார். வம்பு பேசிக்கொண்டே படியிறங்கினார். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது.

இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. எதுவும் நிச்சயமில்லை என்று தெரியும்.

அம்மாவிடம் நீங்கள் குடத்தோடு நனைந்ததைப் படித்துக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். "வரச் சொல்லு. நான் பேச மாட்டேன், சோறு மட்டும் போடறேன்" என்றாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த வளையல் துண்டுகளை நேற்றுதான் அவிழ்த்துக் கிணற்றடியில் புதைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வாருங்கள். கண்ணையன் அண்ணனையும் சாப்பிட அழைத்து வாருங்கள். மோட்டார் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள், இனி பக்கம் தாண்டியும் படிக்கிறேன்.

காற்று இந்தப் பக்கம் அடித்தால், ஏரிக்கரை வளைவில் வண்டி திரும்பும்போதே அதன் முனகல் இந்தக் கட்டில் வரை கேட்கும். முதல் முனகல் கேட்டதும் உலையில் அரிசியைப் போட்டுவிடு என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜெயம்